மோசேக்கு வந்த ஆலோசகர்

வேதபாடம்
வாசிக்கவேண்டிய பகுதி: யாத்திராகமம் 18-ஆம் அதிகாரம் முழுவதும்





இந்தப் பக்கங்களில் நாம் வழக்கமாகச் சுகம் பெற்ற நோயாளிகளைக் குறித்து வாசிக்கிறோம். இம்முறை நோயாளியின் கட்டிலருகே நிற்கிறவர்களைக் குறித்துத் தியானிப்போம். டாக்டர்கள், நர்ஸுகள், ஆய்வுக்கூடத்தார், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், சமையலறையில் கஞ்சி காய்ச்சுகிற சகோதரி ஆகிய எல்லாருக்கும் வீடு உண்டு, பிள்ளைகள் உண்டு, வயதான பெற்றோர் உண்டு. வேலை வீட்டை விழுங்கிவிட்டால் என்ன செய்வது? அப்பொழுது ஒரு மனநல ஆலோசகரிடம் போய் உதவி கேட்பது விசுவாசிக்குத் தகுமா? இக்கேள்வி ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்கு மாத்திரம் உரியதல்ல. பள்ளிக்கூட ஆசிரியர், வங்கி ஊழியர், கடை நடத்துகிறவர், சபைப் போதகர் என்று உங்களில் அநேகர் இதே கேள்வியை மனதுக்குள் சுமந்துகொண்டிருக்கலாம். வேதம் இதற்கு என்ன வெளிச்சம் தருகிறது என்று பார்ப்போம்.

1. மாமனார் வந்தபோது வீட்டார் எங்கே இருந்தார்கள்?

யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தைச் சபைகளில் பெரும்பாலும் நிர்வாகப் பாடமாகவே கற்பிக்கிறோம். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை ஏற்படுத்திய காரியம் கமிட்டிக் கூட்டங்களில் அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுகிறது. ஆனால் அந்த அதிகாரம் நிர்வாகத்தில் தொடங்கவில்லை, ஒரு குடும்பத்தில் தொடங்குகிறது. முதல் ஆறு வசனங்களைக் கவனமாய் வாசியுங்கள்.

மோசேயின் மனைவி சிப்போராளும், கெர்சோம், எலியேசர் என்னும் இரண்டு குமாரர்களும் மோசேயோடு இல்லை. அவர்கள் முன்னமே திருப்பி அனுப்பப்பட்டிருந்தார்கள். அது எப்பொழுது நடந்தது, எதினால் நடந்தது என்று வேதம் விவரிக்கவில்லை. எகிப்திலிருந்து புறப்பட்டது, சிவந்த சமுத்திரத்தைக் கடந்தது, மன்னா பொழிந்தது, அமலேக்கியரோடு யுத்தம் நடந்தது என்று இத்தனை மகத்தான காரியங்கள் நடந்தேறுகின்றன. இவற்றைச் சொல்லிவருகிற அதிகாரங்களில் அந்தத் தாயையும் பிள்ளைகளையும் பற்றிப் பேச்சே இல்லை. பிறகு மீதியான் தேசத்து ஆசாரியனாகிய எத்திரோ அவர்களைக் கூட்டிக்கொண்டு வனாந்தரத்திலே மோசேயின் பாளயத்துக்கு வந்துசேருகிறார்.

அடுத்த வசனங்கள் என்ன சொல்லுகின்றன? மோசே மாமனாரை எதிர்கொண்டுபோய் வணங்கி முத்தமிடுகிறார். ஒருவரையொருவர் சுகசெய்தி விசாரிக்கிறார்கள். கூடாரத்துக்குள் போகிறார்கள். ஆனால் மறுநாளே மோசே காலைமுதல் சாயங்காலம்வரை நியாயம் விசாரிக்க உட்கார்ந்துவிடுகிறார். வெகுநாள் பிரிந்திருந்த மனைவியும் பிள்ளைகளும் முந்தின நாள்தான் வந்திருக்கிறார்கள். மறுநாள் விடிந்ததும் வேலை!

மோசே சோம்பேறியல்ல, சுயநலக்காரரும் அல்ல. ஜனங்கள் தேவனிடத்தில் விசாரிக்கும்படி தம்மிடம் வருகிறார்கள் என்றே அவர் பதில் சொல்லுகிறார். அவர் செய்துகொண்டிருந்தது மெய்யான ஊழியம். ஆகவேதான் அதை நிறுத்தச் சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. நல்ல வேலைதான் நம்மை அதிகமாய் ஏமாற்றும். கெட்ட காரியத்தில் ஒருவன் நேரத்தைச் செலவழித்தால் நாலு பேர் கண்டிப்பார்கள். ஊழியத்திலே ஒருவன் தன்னை அழித்துக்கொண்டால் நாம் சால்வை போர்த்திப் பாராட்டுகிறோம்.

2. எத்திரோ எப்படி ஆலோசனை சொன்னார்?

எத்திரோ செய்த காரியங்களை வரிசையாய் எழுதிப் பார்த்தால், இந்நாளில் பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகர் செய்வதற்கும் அதற்கும் உள்ள ஒற்றுமை ஆச்சரியமாயிருக்கிறது.

முதலாவது, கேட்டார். மோசே வழியிலே தங்களுக்கு நேரிட்ட எல்லா வருத்தங்களையும் சொல்லுகிறார். எத்திரோ குறுக்கிடாமல் கேட்டு, நன்மைகளுக்காக மகிழ்ந்து, தேவனைத் துதிக்கிறார். புத்திமதி அன்றைக்கு வரவில்லை.

இரண்டாவது, பார்த்தார். மறுநாள் முழுவதும் மோசே வேலை செய்கிறதை நேரில் கண்டார். கேள்விப்பட்டதை வைத்துத் தீர்ப்புச் சொல்லவில்லை.

மூன்றாவது, கேள்வி கேட்டார். நீர் மாத்திரம் தனியே உட்கார்ந்திருப்பானேன் என்னும் கருத்தில் அவர் கேட்ட கேள்வி, மோசே தன் வாழ்க்கையைத் தானே திரும்பிப் பார்க்கும்படி செய்தது.

நான்காவது, கேட்டை மறைக்காமல் சொன்னார். இது நல்லதல்ல, நீரும் களைத்துப்போவீர், உம்மோடிருக்கிற ஜனங்களும் களைத்துப்போவார்கள் என்று பதினெட்டாம் வசனத்தில் எச்சரிக்கிறார். இதை அடிக்கோடிட்டு வையுங்கள். சோர்ந்துபோன ஊழியக்காரனால் முதலில் நஷ்டமடைகிறது அவன் யாருக்காக உழைக்கிறானோ அந்த ஜனங்களே.

ஐந்தாவது, செய்யக்கூடிய வழியைக் காட்டினார். வேலையை விட்டுவிடு என்று சொல்லவில்லை. பெரிய காரியங்கள் உன்னிடம் வரட்டும், சிறிய காரியங்களை நம்பத்தக்க மனிதர் பார்க்கட்டும் என்று பிரித்துக் கொடுத்தார்.

ஆறாவது, முடிவை மோசேயிடமும் தேவனிடமும் விட்டார். தேவன் இதைக் கட்டளையிட்டால் என்ற நிபந்தனையோடுதான் சொன்னார். பின்பு தன் தேசத்துக்குப் போய்விட்டார். நல்ல ஆலோசகர் நம்மைத் தம்மோடு கட்டிப்போட மாட்டார்.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். எத்திரோ இஸ்ரவேலன் அல்ல. தேவனோடு பேசின மோசே, இஸ்ரவேலுக்கு வெளியே இருந்து வந்த ஒரு பெரியவரின் ஞானத்தைத் தாழ்மையோடு ஏற்றுக்கொண்டார். அதற்காக அவருடைய விசுவாசம் குறைந்துபோயிற்று என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. அடுத்த அதிகாரத்திலே அதே மோசே சீனாய் மலையில் ஏறிப்போகிறார்.

3. இந்தச் சோர்வுக்கு மருத்துவம் கொடுத்த பெயர்

1974-ஆம் ஆண்டில் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்னும் உளவியலாளர் நியூயார்க் நகரில் ஓர் இலவச மருத்துவமனையில் தொண்டு செய்தவர்களைக் குறித்து ஒரு கட்டுரை எழுதினார். ஆர்வத்தோடு வந்தவர்கள் சில காலத்துக்குள் எரிந்துபோன வீடு போல ஆகிவிடுவதை அவர் கண்டார். அதற்கு "பர்ன்-அவுட்" என்று பெயரிட்டார். நாம் பணிச்சோர்வு எனலாம். ஏழைகளுக்கு இலவசமாய்ச் சேவை செய்த இடத்தில்தான் இந்தப் பெயர் எழுதப்பட்டது என்பதை மிஷன் ஆஸ்பத்திரியின் நண்பர்களாகிய நாம் மறக்கக்கூடாது. கிறிஸ்டினா மாஸ்லாக் என்னும் அம்மையாரும் அவரோடு ஆராய்ந்தவர்களும் 1981-இல் இதை அளவிட ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பிலே பணிச்சோர்வை விளக்கியிருக்கிறது. அதை ஒரு நோய் என்று சொல்லாமல், வேலையிடத்தில் சரியாய்க் கையாளப்படாத நீடித்த மன அழுத்தத்தின் விளைவு என்றே குறிப்பிடுகிறது. அதற்கு மூன்று அடையாளங்கள் உண்டு. உடலிலும் மனதிலும் சக்தி வற்றிப்போவது ஒன்று. வேலையின்மேலும் வேலையில் சந்திக்கிறவர்கள்மேலும் வெறுப்போ விலகலோ உண்டாவது மற்றொன்று. எவ்வளவு செய்தாலும் ஒன்றும் செய்யாததுபோலத் தோன்றி, வேலைத்திறன் குறைவது மூன்றாவது.

அதே நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டன. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்கிறவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் ஏறக்குறைய 35 சதவீதமும், இருதய இரத்தக்குழாய் அடைப்பினால் மரிக்கும் அபாயம் ஏறக்குறைய 17 சதவீதமும் அதிகம் என்று அது காட்டுகிறது. ஓய்வுநாள் கட்டளையைக் கொடுத்த தேவன் நம்முடைய சரீரத்தை உண்டாக்கினவர். அது எவ்வளவு தாங்கும் என்று அவருக்குத் தெரியும்.

4. ஒரு வார்டு சிஸ்டரின் அனுபவம்

இதை அந்தச் சகோதரியின் சம்மதத்தோடும், அடையாளங்களை மாற்றியும் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு உதவுமானால் எழுதுங்கள் ஐயா என்று அவர்களே சொன்னார்கள்.

பெண்கள் வார்டில் பதினைந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவர்கள். கணவருக்கு வேறு ஊரில் வேலை, மாதத்துக்கு இரண்டு முறை வருவார். எட்டு வயது மகனை மாமியார் பார்த்துக்கொள்ளுகிறார். வார்டில் ஆள் குறைந்தபோதெல்லாம் டபுள் டியூட்டி. டியூட்டி முடித்து வீட்டுக்குப் போனபிறகும் போன். எந்த மருந்து எங்கே இருக்கிறது, எந்தக் கட்டிலுக்கு என்ன சொன்னீர்கள் என்று இரவு பத்து மணிக்கும் கேள்விகள். மகனுடைய புத்தகப்பையைத் திறந்து பார்த்து இரண்டு மாதமாயிற்று என்று ஒரு நாள் உணர்ந்தார்கள். ஆனாலும் அது அவர்களை அசைக்கவில்லை. அசைத்தது வேறொன்று. வயதான ஒரு தாயார் மூன்றாம் முறை தண்ணீர் கேட்டபோது, இவர்கள் வார்டே திரும்பிப் பார்க்கும்படி சத்தமிட்டுவிட்டார்கள். அந்தத் தாயார் அதன்பின் அன்று முழுவதும் தண்ணீரே கேட்கவில்லை.

மாலையில் சிற்றாலயத்துக்கு வந்து, "ஐயா, எனக்கு அந்த அம்மாமேல் இரக்கமே வரவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையும் வரவில்லை. நான் இரட்சிப்பை இழந்துவிட்டேனா?" என்று கேட்டார்கள்.

அவர்களோடு ஜெபித்தேன். தேவனுடைய அன்பு நம்முடைய உணர்ச்சிகளைச் சார்ந்ததல்ல என்று சொன்னேன். பின்பு, முதலில் நம் டாக்டரம்மாவிடம் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளும்படியும், அதன்பின் மனநல ஆலோசகரைப் பார்க்கும்படியும் கேட்டுக்கொண்டேன். ஓயாத களைப்புக்கு இரத்தசோகையும் தைராய்டுக் குறைவும் காரணமாயிருக்கக்கூடும். அவற்றைப் பாராமல் மனதைக் குறைசொல்லலாகாது. அவர்களுக்கு இரத்தசோகை கொஞ்சம் இருந்தது, அதற்கு மாத்திரை கொடுக்கப்பட்டது. ஆனால் காரியம் அதோடு முடியவில்லை.

ஆலோசகர் முதல் சந்திப்பில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாராம். பிறகு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் ஒவ்வொரு மணியும் எங்கே போகிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டு வரவேண்டும். எழுதிப் பார்த்தபோது டியூட்டி நேரத்தைவிட, டியூட்டிக்கு வெளியே வந்த போன்களும் அவற்றை எண்ணிக்கொண்டு விழித்திருந்த நேரமுமே வீட்டை அதிகமாய் விழுங்கியிருந்தன.

அடுத்த சந்திப்புகளில், போன் வரும்போது மனதில் ஓடுகிற எண்ணத்தை எழுதச் சொன்னார். "நான் இல்லாவிட்டால் வார்டு நடக்காது, ஏதாவது தவறு நேர்ந்தால் நானே குற்றவாளி" என்று எழுதினார்கள். இந்த எண்ணம் உண்மையா, அதற்கு ஆதாரம் என்ன, எதிரான ஆதாரம் என்ன என்று இருவரும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். எண்ணங்களை இப்படிச் சோதித்துப் பார்க்கும் சிகிச்சை முறையை 1960-களில் ஆரோன் பெக் என்னும் அமெரிக்க மனநல மருத்துவர் உருவாக்கினார். ஆராய்ந்தது மாத்திரமல்ல, ஒரு சிறு பரீட்சையும் வைத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொறுப்பை அடுத்த நர்ஸிடம் எழுத்தில் ஒப்புவித்துவிட்டு, மத்தியானம் முதல் சாயங்காலம்வரை போனை அணைத்து வைக்கவேண்டும். அந்தச் சகோதரி அதைச் செய்தார்கள். வார்டு நடந்தது. அன்று மகனோடு உட்கார்ந்து அவனுடைய நோட்டுகளுக்கு அட்டை போட்டார்கள்.

இரண்டு சந்திப்புகளுக்குக் கணவரும் வந்தார். வீட்டில் யார் எதைச் செய்வது, மாமியாருக்கு எந்த நாளில் ஓய்வு என்றெல்லாம் பேசினார்கள். இரவு டியூட்டி முடித்த காலையில் அறையை இருட்டாக்கித் தூங்குவது, டியூட்டியின் கடைசி மணி நேரங்களில் டீ குடிக்காமலிருப்பது போன்ற எளிய பழக்கங்களையும் கற்றார்கள். மொத்தம் எட்டுச் சந்திப்புகள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதமாட்டேன். வார்டில் இன்னும் ஆள் குறைவு. கணவருக்கு இன்னும் இடமாற்றம் கிடைக்கவில்லை. ஆனாலும் ராஜினாமா எழுதி வைத்திருந்த கடிதத்தைக் கொடுக்கவில்லை. அந்த வயதான தாயார் வீட்டுக்குப் போகுமுன் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார்கள். தாயார் இவர்கள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார்கள். ஜெபம் மெள்ளமெள்ளத் திரும்பி வந்தது என்று சொல்லுகிறார்கள்.

5. மிஷன் சரித்திரம் நமக்குச் சொல்லுவது

இது புதுக் காலத்தின் சொகுசு என்று எண்ணவேண்டாம். வில்லியம் கேரி 1793-இல் இந்தியாவுக்கு வந்தார். அவருடைய மனைவி டாரதி அம்மையார் முதலில் வர மனமில்லாதிருந்து, தன் சகோதரி கூட வருவதாகச் சொன்னபிறகே புறப்பட்டார். 1794-இல் வங்காளத்திலே அவர்களுடைய ஐந்து வயது மகன் பீட்டர் மரித்தான். அதன்பின் டாரதியின் மனம் குலைந்தது. பூட்டிய அறையில் வைக்கப்படவேண்டிய காலங்களும் இருந்தன. 1807-இல் செராம்பூரில் மரிக்கும்வரை அவர் சுகமடையவில்லை. கேரி வேதத்தை மொழிபெயர்த்த மகிமையை நாம் சொல்லுகிறோம், சொல்லவும் வேண்டும். அடுத்த அறையில் இருந்த அந்தத் தாயை எத்தனை பேர் நினைக்கிறோம்? அந்நாளில் அவருக்கு உதவக்கூடிய மருத்துவமோ ஆலோசகரோ இல்லை. இந்நாளில் உண்டு. இருந்தும் பயன்படுத்தாமற்போனால் அது விசுவாசமாகுமா?

நம்முடைய தென்னிந்திய மிஷன்களும் ஓய்வின் அவசியத்தைக் கஷ்டப்பட்டுத்தான் கற்றன. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் சமவெளியின் வெப்பத்திலும் வியாதியிலும் தங்கள் குடும்பத்தாரை இழந்தபின், 1845-இல் கொடைக்கானலில் வீடுகள் கட்டினார்கள். மலைக்குப் போய் இளைப்பாறித் திரும்புவது மிஷனெரிகளின் வழக்கமாயிற்று. வேலூரில் மருத்துவ ஊழியத்தை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையாரும் முதிர்வயதில் கொடைக்கானலிலேயே தங்கி, 1960-இல் அங்கே தம் ஓட்டத்தை முடித்தார்.

ஆஸ்பத்திரிப் போதகர்களாகிய எங்களுடைய பயிற்சியின் வரலாறும் இதோடு சம்பந்தப்பட்டது. ஆன்டன் பாய்சன் என்னும் அமெரிக்கப் போதகர் 1920-இல் தாமே மனநோயினால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சுகமடைந்தபின், 1925-இல் வூஸ்டர் நகர மனநல மருத்துவமனையில் இறையியல் மாணவர்களை அழைத்து, நோயாளிகளின் அருகிலிருந்து கற்கும் பயிற்சியைத் தொடங்கினார். இன்று உலகமெங்கும் நடக்கிற ஆஸ்பத்திரிப் போதகர் பயிற்சிக்கு அது ஒரு வித்து.

6. விசுவாசிகள் கேட்கும் நான்கு கேள்விகள்

"ஜெபித்தால் போதாதா?" ஜெபம் அவசியம். எலியா சூரைச்செடியின்கீழ் சாகவேண்டும் என்று கேட்டபோது (1 இராஜாக்கள் 19) தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. முதலில் தூங்கவிட்டார். தூதனைக்கொண்டு அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்கவிட்டார். பிரயாணத்துக்குப் பின்னரே பேசினார். ஜெபத்துக்குத் தேவன் அளிக்கும் பதில் சில வேளைகளில் உணவாகவும், தூக்கமாகவும், ஒரு மனிதனாகவும் வருகிறது.

"வீட்டு விஷயத்தை அந்நியரிடம் சொல்லலாமா?" பயிற்சி பெற்ற ஆலோசகர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் அவர் வேறு ஒருவரிடம் சொல்லவேண்டியதாகும். மனநலச் சிகிச்சை பெறுகிறவருடைய தகவல்களை இரகசியமாய் வைக்கும் உரிமையை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் உறுதிசெய்கிறது. சபையார் கூடும் இடத்தில் ஜெபக்குறிப்பு என்ற பெயரில் பிறர் வீட்டுக் காரியம் பேசப்படுவதைவிட இது பத்திரமானது.

"பைத்தியம் என்று ஊர் சொல்லுமே?" சர்க்கரை வியாதிக்கு டாக்டரைப் பார்க்கிறவரை நாம் அப்படிச் சொல்லுவதில்லை. ஊர் சொல்லுவதை ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆனால் சபை அப்படிச் சொல்லாதிருக்க நம்மால் கூடும்.

"எல்லாப் பழியையும் வேலை செய்கிறவர்மேல் போட்டு, ஆலோசகரிடம் அனுப்பிவிடலாமா?" இது நியாயமான கேள்வி. கூடாது. மாஸ்லாக் அம்மையாரும் மைக்கேல் லைட்டரும் பணிச்சோர்வுக்கு ஆறு காரணங்களைச் சொல்லுகிறார்கள். அளவுக்கு மிஞ்சின வேலை, தன் வேலைமேல் அதிகாரமின்மை, தக்க பலனின்மை, உடன் வேலையாட்களோடு ஐக்கியமின்மை, அநியாயம், தன் மனச்சாட்சிக்கும் வேலைக்கும் உள்ள முரண்பாடு. இவற்றில் பல நிர்வாகத்தின் கையில் இருப்பவை. எத்திரோவும் மோசேயின் மனதை மாத்திரம் தேற்றிவிட்டுப் போகவில்லை. பாளயத்தின் ஏற்பாட்டையே மாற்றச் சொன்னார். ஆலோசனை ஒரு கை, டியூட்டிப் பட்டியலைத் திருத்துவது மறு கை. இரண்டும் சேர்ந்தால்தான் சுமை இறங்கும்.

7. யாரிடம் போவது?

பலருக்கு இதில் குழப்பம் இருப்பதால் சுருக்கமாய் எழுதுகிறேன். மனநல மருத்துவர் என்பவர் டாக்டருக்குப் படித்து மனநோய் மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்தவர். மருந்து கொடுக்க அவருக்கு உரிமை உண்டு. மருத்துவ உளவியலாளர் பேச்சின் மூலம் சிகிச்சை அளிக்கப் பயிற்சி பெற்றவர். அவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றிருக்கவேண்டும். ஆலோசகர்களின் படிப்பும் அனுபவமும் பலவிதமானவை. எங்கே பயின்றீர்கள் என்று கேட்பது அவமரியாதை அல்ல. போதகரும் சாப்ளினும் ஜெபத்திலும் வேதத்திலும் துணை நிற்கிறவர்கள். ஒருவர் மற்றவருடைய இடத்தைப் பிடிக்க வேண்டியதில்லை.

ஏறக்குறைய நாள் முழுவதும் மனம் இருண்டு, எதிலும் விருப்பமின்றி, தூக்கமும் பசியும் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது வெறும் பணிச்சோர்வாய் இராமல் மனச்சோர்வு நோயாயிருக்கக்கூடும். தாமதியாமல் மருத்துவரைப் பார்க்கவேண்டும். மருந்து தேவைப்பட்டால் அதன் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தாமாக நிறுத்தலாகாது. சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே உதவி தேடவேண்டும், அந்த நபரைத் தனியே விடக்கூடாது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய "டெலி மானஸ்" சேவையை 14416 என்ற இலவச எண்ணில் இரவும் பகலும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். சென்னையில் 1986 முதல் "சினேகா" என்னும் தொண்டு நிறுவனம் தற்கொலைத் தடுப்பு உதவி அளித்துவருகிறது.

8. சபையின் பங்கு

அன்பான ஆதரவாளர்களே, நீங்கள் அனுப்புகிற காணிக்கை நோயாளியின் மருந்துக்கே போகவேண்டும் என்று விரும்புகிறீர்கள். அந்த விருப்பம் நல்லது. ஆனால் மருந்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிற கை நடுங்கினால் என்ன செய்வது? ஒரு விடுப்புக்கால நர்ஸுக்குக் கொடுக்கும் சம்பளம், ஆலோசகர் வந்துபோகும் செலவு, நர்ஸுகள் தங்கும் விடுதியில் அமைதியாய்த் தூங்க ஓர் அறை ஆகியவை புகைப்படத்தில் அழகாய்த் தெரியாது. புதிய கருவிக்குக் கல்வெட்டு வைக்கலாம், ஒரு சிஸ்டரின் நல்ல தூக்கத்துக்குக் கல்வெட்டு வைக்க முடியாது. ஆனாலும் மூன்றாம் முறை தண்ணீர் கேட்கிற தாய்க்குப் பொறுமையான பதில் கிடைப்பது அதனால்தான்.

உங்கள் சபையிலும் இதைச் செய்யலாம். போதகருக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டா என்று கமிட்டியார் விசாரியுங்கள். அந்த நாளில் அவசரமின்றிப் போன் செய்யாதிருங்கள். ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருவரே பாட்டுக்குழுவையும் பெண்கள் ஐக்கிய சங்கத்தையும் சுமந்தால், சுமையைப் பகிருங்கள். யாராவது ஆலோசகரிடம் போவதாய்ச் சொன்னால், விசாரணை செய்யாமல் அவர்கள் பிள்ளைகளை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீஷர்கள் ஊழியத்திலிருந்து திரும்பி வந்து தாங்கள் செய்தவைகளையெல்லாம் அறிவித்தபோது, சாப்பிடவும் அவர்களுக்கு நேரமில்லை என்று கண்டு, தனிமையான இடத்துக்கு வந்து சற்றே இளைப்பாறும்படி ஆண்டவர் அழைத்தார் (மாற்கு 6:30-32). அப்பொழுதும் ஜனங்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். வேலை முடிந்தபிறகு இளைப்பாறலாம் என்று அவர் சொல்லவில்லை, ஏனெனில் வேலை முடிகிறதில்லை. தம்முடையவர்களின் களைப்பை முதலில் கண்டவர் அவரே. அவருடைய கண்களோடு ஒருவரையொருவர் பார்க்க அவர் நமக்குக் கிருபை செய்வாராக.

வீட்டிலும் ஐக்கியக் கூட்டத்திலும் சிந்திக்க:

1. உங்கள் 168 மணி நேரத்தை ஒரு வாரத்துக்கு எழுதிப் பாருங்கள். அதில் தேவனுக்கும், வீட்டாருக்கும், தூக்கத்துக்கும் எவ்வளவு?
2. "நான் இல்லாவிட்டால் நடக்காது" என்று நீங்கள் எண்ணுகிற காரியம் எது? அது உண்மைதானா?
3. உங்கள் வாழ்க்கையில் எத்திரோவைப்போல் துணிந்து கேள்வி கேட்கக்கூடியவர் யார்? அவருக்கு அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறீர்களா?
4. உங்கள் சபையில் அதிகமாய்ப் பாராட்டப்படுகிறவர், அதிகமாய்க் களைத்திருக்கிறவராக இருக்கிறாரா?

ஜெபிக்க:

இரவு டியூட்டி செய்கிற நர்ஸுகளுக்காகவும், அவர்கள் வீட்டில் தூங்குகிற பிள்ளைகளுக்காகவும்.
மனநல மருத்துவர்களுக்காகவும் ஆலோசகர்களுக்காகவும். பிறர் பாரத்தைக் கேட்கிற அவர்களும் சோர்ந்துபோகாதபடிக்கு.
டியூட்டிப் பட்டியல் எழுதுகிற கண்காணிப்பாளர்களுக்கு ஞானமும் நீதியும் உண்டாக.
உதவி கேட்க வெட்கப்பட்டுத் தனிமையில் இருக்கிறவர்கள், தங்களுக்கு ஒரு கதவு திறந்திருக்கிறதைக் காண.

கர்த்தருடைய ஊழியத்தில்,
உங்கள் மருத்துவமனைப் போதகர்